கடல் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறது

மாதாதுறைக் கடலுக்கு வாசிப்புப் பழக்கம் வந்தது ஒரு கோடை விடுமுறையில். எந்த வருடம் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். ஆனால் மதுரையிலிருந்து வந்திருந்த தபால் ஆபீஸ் அம்மாள் ஒருத்தி வெயிலுக்குப் பயந்து கடலுக்கு முதுகைக் காட்டி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, ஒரு சிரிப்பு நாவலை மடியில் விரித்துவைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததையும், அவள் சிரிக்கச் சிரிக்க அலைகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிவந்து அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததையும், எழுபதாம் பக்கத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டபோது கடலும் கூடச் சேர்ந்து சிரித்ததையும் பார்க்காதவர்கள் ஊரில் யாருமில்லை. அலை உடையும்போது வழக்கமாக வரும் சத்தம் அன்றைக்கு வரவில்லை, அதற்குப் பதில் சிரிப்புச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். அந்தக் குலுங்கலில் இரண்டு கூடை சாளை மீன் கரையில் வந்து விழுந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் மீனைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள், "கடலுக்கு வாசிக்கத் தெரிஞ்சிருக்குடே" என்றார்கள், பிறகு மிச்ச வலையைக் காயப்போடப் போய்விட்டார்கள்.

ஊர்க் கமிட்டி கூடியது. எங்கள் ஊர்க் கமிட்டி சண்டையில்லாமல் கலைந்ததாகச் சரித்திரம் கிடையாது, அன்றைக்கும் கலையவில்லை. கடலுக்கு யார் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது என்பதில் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் முதல் சண்டை, கடல் ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்பதில் இரண்டாவது சண்டை. பங்குச்சாமி ஃபாதர் லடிஸ்லாஸ் எழுந்து, வாசிப்பது பாவம் என்று எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் இல்லை, கடல் வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும் என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. சிரிப்புக் கதை என்றால் சாளையும் நெத்திலியும் தானாக வந்து விழும், காதல் கதை என்றால் தண்ணீர் இளஞ்சூடாகிப் பிள்ளைகள் கரையேற மாட்டோம் என்று அடம்பிடிக்கும், துப்பறியும் கதை என்றால் எழும்பிய அலை உடையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அந்த நேரம் பார்த்து வள்ளத்தை இறக்கினால் ஒரு சொட்டு நனையாமல் ஆழத்துக்குப் போய்விடலாம். வானிலை அறிக்கையை யாரும் கேட்பதில்லை. காலையில் மீன் ஏலம் விடும் மைக்கிலேயே சொல்லிவிடுவார்கள்: "கடல் இப்ப நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல நிக்கு. கொலைகாரன் யாருன்னு இன்னும் தெரியல. வள்ளம் இறக்குறவிய சீக்கிரம் இறக்கிருங்க."

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது, அதைப் படிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் ஆனது. இரண்டு வள்ளத்துக்கும் எட்டு ஊருக்குக் கேட்கும் தொண்டைக்கும் சொந்தக்காரியான சலேத்தம்மாள், வெளியூர்க்காரன் சிரித்து நமக்கு மீன் விழ வேண்டுமா என்று ரோஷப்பட்டு, தன் மருமகனைக் கரையில் உட்காரவைத்து ஒரு நகைச்சுவைத் துணுக்குத் தொகுப்பைக் கொடுத்தாள். அவன் மீன் விழுகிறதா, மாமியார் பார்க்கிறாளா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ரேஷன் கார்டில் பெயர் சரிபார்க்கிறவன் மாதிரி வாசித்தான். கடல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. லீவில் வந்தவர், ஒரு காரியமும் மனதில் இல்லாதவர், சும்மா ஆசைக்கு வாசிக்கிறவர், இவர்கள் தோளுக்குப் பின்னால் மட்டும்தான் அது வந்து நிற்கும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதனால் எங்கள் பிழைப்பு விருந்தாளிகள் கையில் வந்து சேர்ந்தது. அவர்களோ வருஷம் முழுக்க ஆபீஸில் கஷ்டப்பட்டுவிட்டு, இந்த நாலு நாளிலாவது நல்லதாக எதையாவது படிப்போம் என்று தலையணை கனத்துக்குப் புத்தகம் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதல் அத்தியாயத்தில் பஞ்சம், கடைசி அத்தியாயத்தில் தூக்குக் கயிறு. ஒரு தடவை திருச்சிக்காரர் ஒருவர் அப்படி ஒன்றை வாசித்து முடித்த மூன்று நாளும் கடல் எழும்பவே இல்லை, சமைத்த மீன் எல்லாம் உப்புக் கரித்தது. அப்போதுதான் ஊர் கித்தேரியைத் தேடிப் போனது.

கித்தேரி ஊரில் இருந்த ஒரே விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவள். முப்பத்தொன்பது வயது, நீண்ட கை, குறும்பான கண். விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போகும் புத்தகங்களை இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்திருந்தாள், முந்நூறுக்கு மேல் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஐஸ் கொட்டகையைக் கமிட்டி அவளுக்கு ஒதுக்கிக்கொடுத்தது, மீன் பெட்டிகளை அடுக்கி அலமாரி ஆக்கினோம், வாசலில் புத்தகச் சாவடி என்று எழுதினோம். பஸ்ஸை விட்டு இறங்கும் யாரும் அவளைத் தாண்டித்தான் கடலுக்குப் போக முடியும்.

வந்தவரை அவள் முதலில் செருப்பிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவாள். செருப்புத் தேய்ந்த விதத்தைப் பார்ப்பாள், பையை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறார் என்று பார்ப்பாள், வரும்போது வீட்டில் யாரோடு சண்டை என்று கேட்பாள், பிறகு அவர் கொண்டுவந்த புத்தகத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பாள். கடற்கரைக்கு ஆகிற புத்தகம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுக்கக்கூடிய கனம்தான் இருக்க வேண்டும், முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்கி எழுந்தாலும் விட்ட இடம் சட்டென்று பிடிபட வேண்டும், ஒரு இளநீர் குடித்து முடிப்பதற்குள் ஆறு பேருக்கு மேல் கதைக்குள் வந்துவிடக் கூடாது, யாருடைய அம்மாவும் சாகக் கூடாது. இதெல்லாம் அவளே வைத்த சட்டம். கடைசியாகப் புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை வாசிப்பாள். அங்கே யாராவது சிரித்துக்கொண்டிருந்தால் மட்டும்தான் அந்தப் புத்தகத்துக்குக் கடலைப் பார்க்கும் பாக்கியம்.

சென்னையிலிருந்து வந்த வங்கி மேலாளர் ஒருவரிடம் அவள் பேசியதை ஊரில் இன்னமும் நடித்துக் காட்டுவோம்.

"இதுல யாரு சார் சாவுறா?"

"கதாநாயகி. ஆனா அது முக்கியமில்லம்மா. அதுல ஒரு தத்துவம் இருக்கு."

"தத்துவத்த வீட்ல வெச்சுப் படிங்க சார். இங்க எங்க ஆளுவ கடலுக்குப் போயிருக்காவ."

அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு, நாயைக் கண்டு நடுங்கும் துப்பறிவாளன் ஒருவன் நாய்ப் பண்ணையில் கொலைகாரனைத் தேடும் கதையைக் கொடுத்தாள். முனகிக்கொண்டே போனவர் இரண்டாம் நாள் ஓடிவந்து, "இதே ஆளோட அடுத்த பாகம் இருக்கா?" என்று மூச்சுவாங்கக் கேட்டார். அடுத்த வருஷம் மனைவி, மச்சினன், மச்சினன் குடும்பம் என்று ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்தார்.

எங்களுக்குத் தெரிந்து அவள் அந்த முந்நூறு புத்தகத்தில் ஒன்றையும் முழுதாக வாசித்ததில்லை. எல்லாவற்றின் கடைசிப் பக்கமும் தெரியும், அதுவே போதும் என்பாள். அதற்கும் காரணம் உண்டு. எங்கள் ஊரில் மாப்பிள்ளை கடல் வழியாகத்தான் வர வேண்டும், வள்ளத்திலிருந்து இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு பெண் முன்னால் வந்து நிற்க வேண்டும். கித்தேரிக்கு இருபத்து மூன்று வயதில் பார்த்த மாப்பிள்ளை, அலை அதிகம் என்று சொல்லி டவுன் பஸ்ஸில் வந்தான். வந்தவன் பஸ் திரும்பி நின்ற ஐந்து நிமிடத்துக்குள் என்ன நினைத்தானோ, அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். ஏன் என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. முடிவு தெரியாத எதற்குள்ளும் இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு பண்ணியவள்தான்.

அப்படிப்பட்டவள் மனதை மாற்றியது பக்கத்து ஊரான கல்லாமுனையைச் சேர்ந்த தஸ்நேவிஸ். வள்ளத்து எஞ்சின் பழுதுபார்ப்பவர், நாற்பத்துநாலு வயது, பேச்சு குறைவு. சலேத்தம்மாள் வீட்டு எஞ்சினைப் பிரிக்க வந்தபோது சாவடியில் ஒரு புத்தகம் கேட்டார். கொடுத்தாள். ஏழு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். இவ்வளவு நாளா என்று திட்டப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அவருடைய கட்டைவிரல் கிரீஸ் பதிந்திருந்தது, ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. "எல்லாத்தையும் படிச்சியளா?" என்று கேட்டாள். "எழுதியிருக்காவள்ளா, படிக்கணும்லா" என்றார் அவர். அன்றைக்குச் சாயங்காலமே அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று அவர் வீட்டுக்குச் சொல்லியனுப்பினாள்.

ஆனாலும் கல்யாணம் நடக்கவில்லை. ஒரு தடவை அவர் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, ஒரு தடவை புயல், ஒரு தடவை இரண்டு ஊருக்கும் கோவில் எல்லைத் தகராறு. நாலாவது தடவை கோவிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தபோது கித்தேரி கமிட்டியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. அன்னைக்கு அவுக கடல் வழியா வரணும். இல்லன்னா இந்தப் பேச்சையே விட்ருங்க." புதன் பிறந்துவிட்டால் தவசுக்காலம், ஈஸ்டர் வரை எங்கள் கோவிலில் கல்யாணம் கிடையாது. அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது ஊருக்கே தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கு எட்டு நாள் முன்னால் ஏரலிலிருந்து சண்முகக்கனி வந்து இறங்கினாள். இருபத்தாறு வயதுப் பெண், அரசாங்க வேலைக்கான தேர்வை நாலாவது தடவை எழுதப்போகிறவள், கையில் செங்கல் மாதிரி ஒரு பொது அறிவுக் கையேடு. வேறு நாளாக இருந்தால் கித்தேரி அந்தக் கையேட்டைச் சாவடி வாசலுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாள். ஆனால் தன் கல்யாணத்துக்குத் தைத்துவந்த ரவிக்கையில் கை இறுக்கமாக இருந்தது, அந்தக் கவலையில் இருந்தாள்.

"அக்கா, கடல் காத்துல உக்காந்து படிச்சா மண்டைல ஏறும்னு சொன்னாங்க. வீட்டுல ஒரே சத்தம்" என்றாள் சண்முகக்கனி. கண்ணின் கீழே கறுத்துப்போயிருந்தது. பாவமாக இருந்தது.

"சரி, படி தாயி. சவுக்குத் தோப்புப் பக்கமா தள்ளி உக்காந்துக்கோ" என்று அனுப்பிவிட்டாள்.

காரியத்துக்காக வாசிக்கிறவள்தான் என்றாலும், புது ஆளைக் கடல் சும்மா விடாது. தோப்புவரை வந்து எட்டிப் பார்த்தது. முதல் நாள் எந்த நதி எங்கே பிறக்கிறது என்று படித்தாள், கடல் கொஞ்சம் ஆர்வமாகத்தான் கேட்டது. இரண்டாம் நாள் சட்டப் பிரிவுகள், மூன்றாம் நாளும் சட்டப் பிரிவுகள். நாலாம் நாள் ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தபோது அலைகள் கொட்டாவி விட்டதை நாங்களே கேட்டோம். மற்ற விருந்தாளிகள் எவ்வளவு சிரித்தும் பயனில்லை, அவள் மனப்பாடம் செய்கிற சத்தம்தான் கரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் கடல் இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு நீலக் கோடாகப் படுத்திருந்தது, இடையில் முழுக்கச் சேறு, சேற்றில் நண்டுகள். கடல் இல்லாத கடற்கரையில் இருந்து என்ன செய்ய என்று விருந்தாளிகள் அத்தனை பேரும் பத்து மணி பஸ்ஸில் கிளம்பிப் போனார்கள். சண்முகக்கனி மட்டும் போகவில்லை. தன்னால்தான் இப்படி ஆனது என்று தெரிந்து, விடுதிப் படியில் கையேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டலாம் என்று போன சலேத்தம்மாள் அவளுக்கு ஒரு தட்டு சோறும் மீன்குழம்பும் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

தஸ்நேவிஸ் போன் பண்ணினார். "கித்தேரி, நான் வேணும்னா பஸ்ல வந்திரட்டா?" என்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்கச் சாவடியில் புத்தகங்களின் தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

திங்கள் பூசை முடிந்து கமிட்டி கோவில் வாசலிலேயே கூடியது. விருந்தாளிகளை எங்கே போய்ப் பிடிப்பது, பள்ளிக்கூடங்களுக்கு லீவும் இல்லை. பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் மனுக் கொடுப்பது என்று வந்து நின்றபோது, சலேத்தம்மாள் தூணில் சாய்ந்தபடி கேட்டாள்: "ஏன், லீவு எடுக்க வெளியூர்க்காரனுக்கு மட்டும்தான் தெரியுமாக்கும்? நாம எடுத்தா என்ன?"

எங்கள் ஊர் உண்டான நாளிலிருந்து நாங்கள் லீவு எடுத்ததில்லை. கடலுக்குப் போகாத நாளில் வலை தைப்போம், வலை தைக்காத நாளில் கருவாடு புரட்டுவோம், திருவிழா அன்றைக்கு அதைவிட அதிக வேலை. ஃபாதர் லடிஸ்லாஸ்தான் முதலில் தலையாட்டினார். கோவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: நாளை ஊருக்கு விடுமுறை, யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது, எல்லோரும் கடற்கரையில் உட்கார்ந்து சந்தோஷமாக இருக்க வேண்டும், கல்யாணச் சாப்பாடு மட்டும் கல்லாமுனைக்காரர்கள் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு முந்தின நிறுத்தம்வரை நடந்து போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி எங்கள் ஊரிலேயே வந்து இறங்கியது. விருந்தாளி என்றால் பஸ்ஸில் வந்து இறங்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இறங்கியவர்கள் சுற்றிலும் பார்த்து, "நல்ல காத்தோட்டமான ஊரா இருக்கே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கித்தேரி கல்யாணச் சேலையோடு சாவடி வாசலில் நின்றாள். பிறந்ததிலிருந்து தெரிந்த கால்களை அன்றைக்குப் புதிதாகப் பார்த்தாள். ஏலக்காரருக்கு, வாயே பேசாத ஒரு திருடனின் கதையைக் கொடுத்தாள். கீழத்தெரு இளம் ஜோடிக்கு, தப்பான ரயிலில் ஏறித் தப்பான ஊரில் தேனிலவு கொண்டாடுகிறவர்கள் கதை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக்காட்ட நல்ல குரலாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஃபாதர் லடிஸ்லாஸ் தயங்கித் தயங்கிப் பேய்க்கதை இருக்கிறதா என்று கேட்டார். சமையல் தெரியாத பேய் ஒன்று மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்த கதை அவருக்குக் கிடைத்தது.

உட்கார்ந்தோம். ஆனால் லீவு எடுப்பது அவ்வளவு லேசில்லை. புத்தகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு பாதிப் பேர் கையில் வலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலை கொண்டுவராதவர்கள் விரல் வெறும் காற்றில் முடிச்சுப் போட்டது. சலேத்தம்மாள் முந்தானைக்குள் ஒரு கிலோ இறால் ஒளித்துவைத்து, பக்கத்துக்கு நாலு இறால் உரித்துக்கொண்டே வாசித்தாள். எல்லோரும் வாசிப்பதும், தலையைத் தூக்கிக் கடல் வந்துவிட்டதா என்று பார்ப்பதும், மறுபடி வாசிப்பதுமாக இருந்தோம். கடல் அசையவில்லை. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், கொடி கட்டிய கல்லாமுனை வள்ளம் தண்ணீர் ஓரத்தில் வந்து நிற்பது புள்ளியாகத் தெரிந்தது. மாப்பிள்ளை பொறுக்க முடியாமல் இறங்கி நடக்கப் பார்த்ததாகவும், தொடைவரை சேற்றில் புதைந்து, நாலு பேர் பிடித்து இழுத்ததாகவும், புது ஷூவில் ஒன்று போய்விட்டதாகவும் போனில் சேதி வந்தது.

கித்தேரி வரிசை வரிசையாக நடந்து எல்லோர் கையிலிருந்தும் வேலையைப் பிடுங்கினாள். இறாலைக் கண்டுபிடித்துக் காக்காய்க்கு வீசினாள். "யக்கா, உங்களக் கும்புடுதேன். ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் ஒழுங்கா படிங்க" என்று சலேத்தம்மாளிடம் கெஞ்சினாள். சலேத்தம்மாள் வேண்டாவெறுப்பாகப் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள். மருமகள்களை ஆட்டிவைக்கும் ஒரு மாமியார், சம்பந்தி வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் சிக்கி மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே கல்யாணம் முழுவதையும் அதிகாரம் பண்ணி நடத்தும் கதை. அஞ்சாவது பக்கத்தில் அவள் வாய் கோணியது. எட்டாவது பக்கத்தில், "சண்டாளி, என்ன மாதிரியே இருக்காடி!" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், கோவில் புறா எல்லாம் பறந்தது. அந்த நீலக் கோடு படுக்கையை விட்டு எழுந்து ஒரு கிலோமீட்டர் ஓடிவந்தது.

அதற்குப் பிறகு கடலை யாரும் பார்க்கவில்லை. சலேத்தம்மாள் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஏலக்காரர் சிரித்தார், அவர் சிரித்ததற்கும் அவர் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சிரித்துவிட்டுக் குனிந்தவர் நிமிரவில்லை. கீழத்தெரு ஜோடி ஒரே புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. ஃபாதர் லடிஸ்லாஸ் அங்கியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார், பேய் சாம்பாரில் உப்புப் போட மறந்த இடம் அது. வாசித்துக்காட்டுகிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவே, அப்புறம், அப்புறம் என்ற குரல் கரை நெடுக ஓடியது, கடல் ஒவ்வொரு அப்புறத்துக்கும் ஒரு எட்டு எடுத்துவைத்து, சேற்றை மூடி, நண்டுகளை மூடி, கொடி கட்டிய வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. வந்து, கரைக்கு இருநூறடி இருக்கும்போது நின்றுவிட்டது.

வள்ளத்தில் ஒற்றை ஷூவோடு தஸ்நேவிஸ் நிற்பது தெளிவாகத் தெரிந்தது. கோவிலில் முதல் மணி அடித்தாகிவிட்டது. கித்தேரி இன்னும் வேகமாகப் புத்தகம் மாற்றிக்கொடுத்தாள், சிரித்தவர்களை இன்னும் சிரியுங்கள் என்று விரட்டினாள். கடல் நின்ற இடத்திலேயே நின்றது.

"அக்கா," என்றாள் சண்முகக்கனி. அதுவரை ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள். "கரைல ஒரே ஒரு ஆளுதான் இன்னும் வேல பாத்துட்டு இருக்கு."

"யாரு?"

"நீங்கதான்."

கித்தேரி சுற்றிலும் பார்த்தாள். அவள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு எப்படிட்டி முடியும்? அந்தா நிக்காவ. அவுகள விட்டுட்டு நான் எப்படிக் கதை படிக்க? எல்லாக் கதையும் எப்படி முடியும்னு வேற எனக்குத் தெரியும்." அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

சண்முகக்கனி சாவடிக்கு ஓடினாள். மூலையில் கிடந்த, விருந்தாளிகள் சனிக்கிழமை அவசரத்தில் போட்டுவிட்டுப் போன பையிலிருந்து, கித்தேரி இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு புத்தகத்தை எடுத்தாள். அட்டை தெரியாமல் செய்தித்தாளைச் சுற்றினாள். தன் கையேட்டில் மாட்டியிருந்த இரும்புக் கிளிப்பைக் கழற்றி, புத்தகத்தின் கடைசி இருபது பக்கத்தையும் சேர்த்துக் கவ்வவைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கடலுக்கு முதுகைக் காட்டிப் போட்டாள்.

"முடிவு என்ன?" என்று கேட்டாள் கித்தேரி, புத்தகத்தை வாங்கிக்கொண்டே.

"தெரியாதுக்கா. நானும் பாக்கல."

கித்தேரி உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் கண் ஓடவில்லை, மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள், மூன்று தடவையும் சண்முகக்கனி குறுக்கே வந்து நின்றுகொண்டாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பேண்டு வாத்தியக் குழு, கல்யாணத்துக்கு வாசிக்கக் கிளம்பி, பெயர்ப்பலகை விழுந்து கிடந்த ஊரில் இறங்கி, கல்யாணமே இல்லாத வீட்டின் வாசலில் நின்று வாசிக்கத் தொடங்கியது. மூன்றாம் பக்கத்தில் அந்த வீட்டுக்காரர், இவ்வளவு நன்றாக வாசிக்கிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று சங்கடப்பட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பந்தலுக்குச் சொல்லியனுப்பினார். ஆறாம் பக்கத்தில் பந்தல் வந்துவிட்டது, சமையல்காரர்கள் வந்துவிட்டார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும்தான் பாக்கி. கித்தேரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நாற்காலியின் மேல் மடக்கிக்கொண்டாள். பத்தாம் பக்கத்தில் களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது, அவளே எதிர்பார்க்காத சிரிப்பு. தோளை விட்டு முந்தானை சரிந்தது தெரியவில்லை, கோவிலில் இரண்டாம் மணி அடித்தது தெரியவில்லை, பதினாறாம் பக்கத்தில் டிரம் அடிக்கிறவருக்குப் பட்டுவேட்டி கட்டிவிட்டார்கள், அவளுக்குத் தான் யார் என்பதும் அன்றைக்கு என்ன கிழமை என்பதும் தெரியவில்லை.

நாங்கள் எல்லோரும் புத்தகத்தை மூடிவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கடல் சத்தமே காட்டாமல் வந்தது. வந்து, அவள் நாற்காலிக் காலை நனைத்து, தோளுக்குப் பின்னால் எழும்பி நின்று, அவளோடு சேர்ந்து பக்கம் பார்த்தது. வள்ளம் மணலில் தட்டியது. தஸ்நேவிஸ் மிச்சமிருந்த ஷூவையும் கழற்றி எறிந்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, காலெல்லாம் நனைய நடந்து, அவளைச் சுற்றி வந்து முன்னால் நின்றார். அவர் நிழல் பக்கத்தின் மேல் விழுந்தது.

"வெளிச்சத்த மறைக்காதீக. கொஞ்சம் இரிங்க, இந்தப் பக்கத்த முடிச்சிருதேன்" என்றாள் கித்தேரி, தலையைத் தூக்காமலே.

சலேத்தம்மாள் கூப்பிட வாயைத் திறந்தாள், தஸ்நேவிஸ் வேண்டாம் என்று கையைக் காட்டினார். தள்ளி நின்றார். பிறகு கோட்டும் சூட்டுமாக ஈர மணலில் உட்கார்ந்துகொண்டார். ஃபாதர் லடிஸ்லாஸ் மூன்றாம் மணியை அடிக்க வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். அவள் அந்தப் பக்கத்தை முடித்தாள், அடுத்த பக்கத்தையும் முடித்தாள், அதற்கடுத்த பக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தபோதுதான் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"ஆத்தாடி! வந்துட்டியளா?"

"வந்து ரொம்ப நேரமாச்சு."

"கூப்புடக் கூடாதா?"

"நீ சிரிச்சிட்டு இருந்தியே," என்றார் தஸ்நேவிஸ்.